கோடை விடுமுறையின் கடைசி வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறக்க ஒரு வாரமே இருக்கிறது என்று உணர்ந்ததும், அதுவரை தள்ளிப்போட்டதையெல்லாம் அந்த ஏழு நாட்களுக்குள் செய்து முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு பெரியவர்களுக்கு வந்துவிடுகிறது. சேர்ந்து சமைப்பது, பழைய துணிகளைக் கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது, உரக்கப் படித்துக் கேட்பது ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாமல் எல்லா வயதினரும் கூடிச் செய்யக்கூடியவை. இவை பாழாவதற்குக் கைத்திறன் குறைவு அரிதாகவே காரணமாகிறது. அளவுக்கு மீறிய திட்டமும், சிறுவர்களுக்குப் பொருந்தாத வேலையை அவர்களிடம் கொடுப்பதும்தான் பெரும்பாலும் காரணங்கள்.

முதல் தவறு, படித்தது மறந்துவிடும் என்ற பயத்தில் இந்த நாட்களைப் பயிற்சித் தாள்களால் நிரப்புவது. அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், கோடை விடுமுறைக்குப் பின் தேர்வு மதிப்பெண்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்புக்குச் சமமான அளவு சரிந்ததாகவும், வாசிப்பைவிடக் கணக்கில் அந்தச் சரிவு அதிகம் என்றும் தெரிவித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சில, இந்தச் சரிவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்று காட்டியுள்ளன. பயப்படுவதற்கு இதில் அதிகம் இல்லை. மேலும், பழத்தை நிறுத்துச் சர்க்கரையின் அளவைக் கணக்கிடும் பிள்ளையும், போர்வைக்கு எத்தனை சதுரங்கள் வேண்டும் என்று கணக்குப் போடும் பிள்ளையும் கணக்கைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சமையலில், கோடை முடியும்போது மிஞ்சியிருக்கும் பழங்களை ஜாமாக்குவது பலரும் விரும்பும் வேலை. இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. கனிந்து குழைந்த பழங்களை மட்டுமே போடுவது ஒன்று. ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் பழம் மிகவும் கனியக் கனியக் குறைந்துவிடுவதால், நாலில் ஒரு பங்காவது சற்றுக் காயான பழமாக இருப்பது நல்லது. உடல்நலத்தை எண்ணிச் சர்க்கரையை மனம்போல் குறைப்பது மற்றொன்று. சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை, நீரைத் தன்னோடு பிடித்துவைத்துப் பெக்டின் இறுகவும் ஜாம் கெடாதிருக்கவும் அதுவே உதவுகிறது. வேலையை ஒரேயடியாக முடிக்கலாம் என்று இரட்டிப்பு அளவில் காய்ச்சினாலும் பயனில்லை, ஏனெனில் நீர் வற்ற நெடுநேரமாகி, நிறம் கறுத்து, மணமும் போய்விடும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, சற்று ஆறியபின் விரலால் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால் பதம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பதம் ஏறத்தாழ 104 அல்லது 105 டிகிரி செல்சியஸில் வருகிறது. கொதிநீரைவிடச் சூடான, தோலில் ஒட்டிக்கொள்ளும் பொருளைக் கிளறும் வேலையைச் சிறுவர்களிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கொட்டை நீக்குவது, நிறுப்பது, எலுமிச்சை பிழிவது, பாட்டிலில் ஒட்டும் தாளில் பெயரும் தேதியும் எழுதுவது எல்லாம் அவர்களுடையதாக இருக்கட்டும். ஜாம் செய்த உற்சாகத்தில் பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காய்களையும் கொதிநீரில் வைத்துப் பாட்டிலில் அடைப்பது உயிருக்கே ஆபத்தானது. பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி வெப்பத்தையும் தாங்கிவிடும். அத்தகைய காய்களை உறைபெட்டியில் வைப்பதே போதுமானது.

போர்வை தைப்பதில்தான் ஆசை அளவை மீறுகிறது. கட்டில் முழுவதையும் மூடும் போர்வையை ஒரு வாரத்தில் தைக்க நினைப்பவர்கள், பாதியில் சோர்ந்து துணியைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஆறரை அங்குலச் சதுரங்களை வரிசைக்கு 6 வீதம் 7 வரிசை தைத்தால், 42 துண்டுகளில் 36-க்கு 42 அங்குலம் கொண்ட, மடியில் போர்த்திக்கொள்ளும் போர்வை கிடைக்கும். தையலுக்காக ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் விட வேண்டும். ஒரு வரிசையில் மட்டும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமுமாகக் கால் அங்குலம் குறைந்து, ஐந்து தையல்களில் ஒன்றேகால் அங்குலம் போய்விடும். அந்த வரிசை மற்ற வரிசைகளோடு சேரவே சேராது. பலர் தைக்க வேண்டியிருந்தால், இயந்திரத்தின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குல தூரத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி, எல்லோரும் துணியின் ஓரத்தை அதை ஒட்டியே செலுத்துவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

துணித் தேர்விலும் கவனம் தேவை. பனியன் துணி இழுபடும், பருத்தி இழுபடாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்தால் போர்வை அலையலையாக நெளியும். துவைக்காத புதுத் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், எல்லாவற்றையும் முன்பே துவைத்து உலர்த்த வேண்டும். அடர்ந்த சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் அழுத்திச் சாயம் போகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட வருத்தம் தரும் தவறு, ஒருவருடைய பழைய சட்டையை அவரைக் கேட்காமல் வெட்டிவிடுவது. பெரியவர்களுக்குக் கந்தலாகத் தெரிவது, அதை அணிந்த பிள்ளைக்கு இன்னும் தன்னுடைய சட்டைதான்.

கூர்மையான வட்டக் கத்தியால் துணி வெட்டுவது பெரியவர்களின் வேலை. எந்தச் சதுரம் எங்கே வரவேண்டும் என்பதைச் சிறுவர்கள் தரையில் பரப்பி முடிவு செய்யட்டும், அந்த முடிவைப் பெரியவர்கள் திருத்தாமல் இருக்கட்டும். எடுத்து அடுக்குமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் வரிசை குழம்பாது. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் இணைக்கும்போது ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து சுருக்கம் விழும்; நடுவில் தொடங்கி வெளிநோக்கித் தைப்பதே முறை.

வாசிப்பில் பெரிய தவறு, பிள்ளைக்குத் தானே படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக உரக்கப் படித்துக்காட்டுவதை நிறுத்துவது. தானாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதைவிடக் கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் தொடக்கப்பள்ளி வயதினருக்கு இருக்கிறது. அத்தியாயம் முடிந்ததும் கேள்வி கேட்டுச் சோதிப்பதும் வேண்டாம். பேசத் தோன்றினால் அவர்களே பேசுவார்கள். பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைவிட, மாற்றிக்கொள்ள விடுவது மேல்.

இரவு வெகுநேரம் விழித்திருந்து பழகிய பிள்ளைகளைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் திடீரென்று சீக்கிரம் படுக்கச் சொன்னால் தூக்கம் வராது. நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் படுக்கும் நேரத்தை முன்தள்ளி, அந்த நேரத்துக்குச் சற்று முன்பாக வாசிப்பை வைத்துக்கொள்வது எளிது. பள்ளி திறக்கும் நாளில் கதை பாதியில் நின்றிருந்தால், மீதியை அன்றிரவும் அதே நேரத்தில் தொடரலாம்.