ரன்னிங் ஜோக் எழுதுறப்போ எங்கெல்லாம் சொதப்புறோம்

சிட்காம்ல, அதாவது டிவி காமெடி சீரிஸ்ல, ஒரே காமெடி எபிசோடுக்கு எபிசோட் வந்துக்கிட்டே இருக்கும்ல, அந்த ரன்னிங் ஜோக் எழுதுறவங்க முக்கால்வாசி பேர் பண்ற பெரிய தப்பு, திரும்ப வந்தாலே காமெடி ஆயிடும்னு நம்புறது. திரும்ப வர்றதால ஆடியன்ஸ் அதுக்காக காத்திருக்க ஆரம்பிப்பாங்க, அவ்ளோதான் நடக்கும். சிரிக்க வைக்கணும்னா ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு மாறியே ஆகணும்.

மிஸ்டர் பீன்ல வர்ற அந்த வெளிர்நீல மூணு சக்கர வண்டிய எடுத்துக்கோங்க. 1990ல வந்த முதல் எபிசோட்லயே, பரீட்சை எழுதப் போற வழியில பீனுக்கும் அந்த வண்டிக்கும் தகராறு ஆரம்பிச்சிடுது, அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அது ஒண்ணு கவுந்து கிடக்கும், இல்ல பார்க்கிங்ல இருந்து தள்ளி விடப்பட்டிருக்கும். வசனம் கிடையாது, ஓட்டுறவர் மூஞ்சியக்கூட காட்ட மாட்டாங்க, ஏன் இந்தப் பகைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ரோட்டுல அந்த நீலக் கலர் தெரிஞ்சாலே ஏதோ நடக்கப்போகுதுன்னு நமக்கு தெரிஞ்சிடும், ஆனா எப்படி நடக்கும்னு தெரியாது பாருங்க, அதுலதான் மொத்த சரக்கும் இருக்கு.

நானே இதுல மாட்டியிருக்கேன். ஒரு ஸ்கிரிப்ட்ல கண்ணாடிய தலைக்கு மேல ஏத்தி விட்டுட்டு வீடு பூரா தேடுற அப்பா கேரக்டர் வெச்சிருந்தேன். முதல் ரெண்டு எபிசோட் வாசிக்கிறப்போ எல்லாரும் நல்லா சிரிச்சாங்க, மூணாவதுல ஒரு சத்தம் இல்ல, பேப்பர் திருப்புற சத்தம்தான் கேட்டுச்சு. அதனால நாலாவதுல மாத்தினேன். அப்பா தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பொண்ணு போன் பேசிக்கிட்டே அவரத் தாண்டிப் போவா, போற போக்குல தன் தலைய ரெண்டு தட்டு தட்டிக் காட்டிட்டுப் போயிடுவா, அவரும் நம்பிக்கையா கைய மேல கொண்டு போவார், அங்க கண்ணாடி இருக்காது. அந்த இடத்துல அவர் மூஞ்சி மாறும் பாருங்க, சிரிப்பும் வந்துச்சு, அந்த மனுஷன் மேல பாசமும் வந்துச்சு.

அடுத்தது, கேரக்டர்ல இருந்து வராம வெறும் டயலாக்கா ஒட்ட வைக்கிறது. பிக் பேங் தியரி சீரிஸ்ல ஷெல்டன்னு ஒரு விஞ்ஞானி, எதிர்வீட்டு பென்னிய கூப்பிடுறப்போ மூணு தடவை கதவ தட்டி மூணு தடவை அவ பேரச் சொல்லுவான், அது அவன் குணம், நடுவுல கதவத் திறந்துட்டாலும் மிச்சத்த தட்டி முடிச்சாதான் அவனுக்கு நிம்மதி. அதனாலதான் 2016ல, பத்தாவது சீசன்ல, அவன் 13 வயசுல தட்டாம கதவத் திறந்து அப்பாவ வேற ஒரு பொண்ணோட பாத்துட்டான்னு சொல்றப்போ அது மனசுல இறங்குது. பொதுவா ஜோக்குக்கு விளக்கம் குடுத்தா செத்துடும், இங்க விளக்கம் ஜோக்குக்கு இல்ல, அந்தப் பையனுக்கு.

காட்டக்கூடாதத காட்டுறது இன்னொரு தப்பு, இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். கொலம்போங்கிற டிவி சீரிஸ்ல வர்ற டிடெக்டிவ் கொலம்போ எப்பப் பாத்தாலும் 'என் பொண்டாட்டி சொல்லுவா'ன்னு ஆரம்பிப்பார், அந்தம்மா கண்ணுலயே பட மாட்டாங்க, அதுதான் அழகு. 1979ல சேனல்காரங்க அந்தம்மாவையே ஹீரோயினா போட்டு தனி சீரிஸ் எடுத்தாங்க, பேரெல்லாம் மாத்திப் பாத்தும் 1980ல மூட வேண்டியதாயிடுச்சு. ஆனா ஃப்ரேசியர் சீரிஸ்ல ஹீரோவோட தம்பி நைல்ஸ், அவரோட மனைவி மாரிஸ, அவங்க எவ்ளோ ஒல்லி, எவ்ளோ விசித்திரம்னு ஏத்திக்கிட்டே போய், கடைசில எந்த நடிகைய போட்டாலும் பொருந்தாதுங்கிற நிலைமைக்கு வந்துட்டாங்க, அதனால 11 சீசனும் மூஞ்சிய காட்டவே இல்ல. ஆடியன்ஸ் மனசுல வரைஞ்சு வெச்சிருக்கிற ஆள விட நல்லா எந்த கேமராவாலயும் காட்ட முடியாதுங்க.

அப்புறம் பேக்ரவுண்ட்ல 'டொய்ங்'னு சவுண்ட் போட்டு, இப்ப சிரிங்கன்னு சொல்றது. வேண்டவே வேண்டாம். அதே மாதிரி முதல் தடவையா அந்த எபிசோட பாக்குறவருக்கும் சீன் புரியணும், பழசு தெரிஞ்சவங்களுக்கு கூடுதலா ஒரு சந்தோஷம் கிடைக்கணும், அப்படி எழுதினா போதும்.

அளவு தெரியாம இழுக்கிறதப் பத்திதான் நிறைய பேசணும். ஹவ் ஐ மெட் யுவர் மதர் சீரிஸ்ல 2006ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் நடுவுல ஒரு பந்தயம் வரும், அதுல ஜெயிச்ச மார்ஷல், பார்னிய எப்ப வேணா அஞ்சு தடவை அறையலாம். என்னா அருமையான ஐடியா, எண்ணிக்கை குறையக் குறைய அடுத்தது எப்ப விழும்னு நாமளும் பார்னியோட சேர்ந்து பயப்படுவோம். அந்த பயமே எண்ணிக்கைல இருந்துதான வருது, ஆனா பின்னாடி ஒரு சீசன்ல இன்னும் மூணு அறைய சேத்துவிட்டாங்க. 2014ல ஒரே ஒரு அறைக்காக முழு எபிசோடையும் குங்ஃபூ பட ஸ்டைல்ல எடுத்து, நடிகர்களுக்கு ஆசியக்காரங்க மாதிரி வேஷம் போட்டு, எதிர்ப்பு கிளம்பி, உருவாக்கினவங்க மன்னிப்பே கேட்டாங்க. ஒரு செகண்ட்ல முடியிற ஜோக் மேல முழு எபிசோட் பாரத்த ஏத்தினா எப்படி தாங்கும் சொல்லுங்க.

சவுத் பார்க் கார்ட்டூன்ல வர்ற கென்னிங்கிற பையன் கதையும் இதே மாதிரிதான், எபிசோடுக்கு எபிசோட் செத்துக்கிட்டு இருந்தான், எழுதுறவங்களுக்கே சலிச்சுப்போய் 2001ல நிஜமாவே சாகடிச்சு, சுமார் ஒரு வருஷம் கழிச்சுதான் திரும்பக் கொண்டு வந்தாங்க. அப்புறம் 2010ல, தான் செத்தது ஒவ்வொண்ணும் கென்னிக்கு ஞாபகம் இருக்கு, மத்தவங்க யாருக்கும் இல்லன்னு வெச்சாங்க. அத்தனை வருஷ காமெடியும் அந்த ஒரு மாத்தத்துல சோகமா திரும்பிடுச்சு.

ஓய்வு குடுக்கிறது எவ்ளோ முக்கியம்னு பாக்கணும்னா தி ஆபீஸ் கடைசி எபிசோட் பாருங்க. ஆபீஸ் பாஸ் மைக்கேல் ஸ்காட் வருஷக்கணக்கா யார் என்ன சொன்னாலும் அதுக்கு ரெட்டை அர்த்தம் வர்ற மாதிரி 'தட்ஸ் வாட் ஷி செட்' (அவளும் அதத்தான் சொன்னா)ங்கிற ஒரே ஒரு வரிய சொல்லிக்கிட்டு இருந்தவர், அந்த ரோல்ல நடிச்ச ஸ்டீவ் கரெல் 2011ல விலகிட்டார். 2013 ஃபைனல்ல, அவர்கிட்ட வேலை பாத்த ட்வைட் கல்யாணத்துல, கூட வேலை பாத்த ஜிம் நகர்ந்து நிக்கிறான், ட்வைட்டுக்கு எதிர்ல மைக்கேல். நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்லன்னு ட்வைட் சொல்றான். ரெண்டு வருஷமா அவர் வாயில இருந்து கேக்காத அதே வரிதான் பதிலா வருது.