கையில் பணமில்லாமல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்கள் முதலில் தேடிப்போக வேண்டிய அறை

ஜூலை பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு வந்திருக்கான். இங்க காலேஜ்னா வீட்டையே விக்கணுமாமே?" ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாராவது என் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்வதை இந்தத் தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. இது கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் சேர்பவர்களுக்கான வழி. வேறு மாநிலத்தில் பெயர்களும் விதிகளும் மாறும்.

நாங்கள் மன்னார்குடிக்காரர்கள். அத்தை எப்போதோ போட்ட மனு 2011 நவம்பரில்தான் பலித்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அப்பா, சான் ஹோசே பக்கம் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கினார். அம்மா வீட்டில் மாவு அரைத்துக் கொடுத்தார். எனக்கு அப்போது 18 வயது. இன்றைக்கு நான் நர்ஸ். இடையில் நடந்ததில் பாதிக்கு மேல் ஒரு கம்யூனிட்டி காலேஜின் பின்கட்டில் இருந்த சின்ன அறையால் நடந்தது. அந்த அறைக்கு இ.ஓ.பி.எஸ். (EOPS) என்று பெயர். வசதி குறைந்த மாணவர்களுக்கான உதவித் திட்டத்தின் அலுவலகம் அது. அங்கே போகும் முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ரெசிடென்சி. செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப்போகிறோம் என்பதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அது இருந்தால் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவை எண்ணும் கணக்கு) 46 டாலர். 2012 கோடையிலிருந்து இதே கட்டணம்தான். இல்லாவிட்டால் பல மடங்கு. அதனால் இறங்கிய மாதமே ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை வாங்குங்கள், வங்கிக் கணக்கு தொடங்குங்கள், வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒரு வருடத்தை நான் அடல்ட் ஸ்கூலில் ஆங்கிலம் படித்துக் கழித்தேன். அது வீணான வருடம் இல்லை. அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் இருப்பதால் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளும் ரெசிடென்ட் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். அட்மிஷன் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஃபாஃப்சா. மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம் இது. கிரீன் கார்டு இருந்தால் போடலாம், காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. எச்-4 பிள்ளைகளுக்கு இது இல்லை. குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்கு கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் என்று தனியாக இருக்கிறது. ஃபாஃப்சா போட ஒரு பைசா செலவில்லை. பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

புதிதாக வந்த குடும்பங்கள் இந்த விண்ணப்பத்தில்தான் தடுமாறுகின்றன. அது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைக் கேட்கும். 2026-27 கல்வியாண்டு என்றால் 2024ஆம் வருட வருமானம். அந்த வருடம் நீங்கள் திருச்சியிலோ தூத்துக்குடியிலோ சம்பளம் வாங்கியிருந்தால், அமெரிக்காவில் வரி கட்டவில்லையே என்று பூஜ்யம் போடக் கூடாது. ரூபாயை டாலராக மாற்றி எழுத வேண்டும். ஊரில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அப்போது இரண்டு பேர் சம்பளம், இப்போது ஒருவர் மட்டும் பாதி நேர வேலை என்றால், காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் சூழ்நிலை மாறியதைச் சொல்லி மறுபரிசீலனை கேட்கலாம். இப்படிக் கேட்க வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அப்பாவின் பழைய சம்பளச் சான்றிதழ், இப்போதைய சம்பள ரசீது இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஃபாரம் வழக்கமாக அக்டோபர் 1 திறக்கும். மாநில அரசின் கல்வி உதவித்தொகையான கால் கிராண்டுக்கு (Cal Grant) வழக்கமாக மார்ச் 2 கெடு. அதைத் தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, கட்டண விலக்கு. நான் படித்தபோது இதற்கு வேறு பெயர். இப்போது கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட். வருமானம் குறைவாக இருந்தால் அந்த 46 டாலரும் கட்ட வேண்டாம். ஹெல்த் ஃபீ, பார்க்கிங் போன்ற சில்லறைக் கட்டணங்கள் மட்டும் நிற்கும். முழு நேரப் படிப்பு 12 யூனிட், ஆக விலக்கு இல்லாவிட்டாலும் செமஸ்டருக்கு 552 டாலர்தான். நம் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து துரத்துவது இந்தக் கட்டணம் இல்லை. புத்தகம், பஸ், மதியச் சாப்பாடு, கடையில் கூடுதல் ஷிஃப்ட், எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று தெரியாமல் வீணாகும் செமஸ்டர், இவைதான். இ.ஓ.பி.எஸ். இவற்றுக்காகவே ஏற்பட்டது.

அந்த அறை

1969இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டு உருவாக்கிய திட்டம் இது. மற்ற மாணவர்களுக்குக் கிடைப்பதற்கு மேலாக, கூடுதலாகத்தான் இதன் உதவி இருக்க வேண்டும் என்பது விதி. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. உங்கள் காலேஜின் வரைபடத்தில் இந்த நான்கு எழுத்துகளைத் தேடுங்கள்.

தகுதி என்ன? கலிஃபோர்னியா ரெசிடென்ட், மேலே சொன்ன கட்டண விலக்குக்குத் தகுதி, சேரும்போது 12 யூனிட், இதுவரை முடித்த யூனிட் 70க்குள். இதோடு 'கல்வியில் பின்தங்கிய சூழல்' என்று ஒரு நிபந்தனை. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். "நான் பிளஸ் டூவில் 1,080 எடுத்தேன், நான் பின்தங்கியவளா?" என்று எனக்கும் சுருக்கென்றது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளி மதிப்பெண் குறைவாக இருப்பது அதில் ஒரு வழி மட்டுமே. அப்பா அம்மா காலேஜ் படிக்காதவர்கள் என்பதும் வீட்டில் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதும் காலேஜ்கள் கணக்கில் எடுக்கும் காரணங்கள். நேர்காணலில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு போன விஷயம், வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்பது, எனக்குக் கதவைத் திறந்தது.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அடுத்தவன் காசுல படிக்கணுமா?" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஊரில் பெரியப்பா மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு அவர்தான் நடையாக நடந்தார். அதை நினைவுபடுத்தினேன். அதுவும் இதுவும் ஒன்றுதான் அப்பா, குடும்பத்தில் முதலில் படிப்பவருக்கு அரசு கை கொடுக்கிறது என்றேன். மறுநாள் சம்பள ரசீதை அவரே எடுத்து வைத்தார். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். விண்ணப்பக் கெடுவுக்கு முன்பே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

உள்ளே போனால் புத்தகத்துக்குப் பணம் அல்லது வவுச்சர் கிடைக்கும். தொகை காலேஜுக்குக் காலேஜ் வேறுபடும். வகுப்புகளுக்குப் பதிவு செய்ய முன்னுரிமை கிடைக்கும். பணத்தைவிட இது எவ்வளவு பெரிது என்று முதல் செமஸ்டரில் புரியாது. நர்சிங்குக்கு வேண்டிய அனாடமி வகுப்பில் சில நாட்களிலேயே இடம் நிரம்பிவிடும். முதல் நாளிலேயே பதிவு செய்ய முடிகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரு வருட வித்தியாசம் விழுந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கவுன்சிலர். ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான் நினைவுக்கு வருவார். இங்கே அவர் பாடத்திட்டம் போட்டுத் தருபவர். இ.ஓ.பி.எஸ். மாணவர் செமஸ்டருக்கு மூன்று முறையாவது அந்த அலுவலகத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். தண்டனை மாதிரித் தெரியும். எனக்கு வாய்த்தவர் வியட்நாமிலிருந்து வந்த குடும்பத்து அம்மா. ஒரு வெள்ளைத் தாளை ஆறு கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு செமஸ்டரை பென்சிலால் எழுதினார். கெமிஸ்ட்ரியையும் அனாடமியையும் ஒரே கட்டத்தில் போடச் சொன்னேன். "கடையில் வாரம் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். 25 என்றேன். பேசாமல் ரப்பரை எடுத்து அனாடமியை அழித்து அடுத்த கட்டத்தில் எழுதினார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தாள் இன்றும் என் ஃபைலில் இருக்கிறது, அழித்த இடம் லேசாகக் கறுத்திருக்கிறது. அன்றைக்கு அவர் அழிக்காமல் விட்டிருந்தால் இரண்டிலும் தேறியிருக்க மாட்டேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த உதவி தொடர்ந்து ஆறு செமஸ்டர் அல்லது 70 யூனிட் வரைதான். அதனால் தாமதிக்காமல் சேருங்கள். என் முதல் செமஸ்டரில் ஒரு ஜன்னலில் விசாரித்தபோது, "நீ 9 யூனிட்தான் எடுத்திருக்கிறாய், உனக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வகுப்பு எடுத்து 12 ஆக்கினால் கிடைக்கும் என்ற அடுத்த வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு செமஸ்டர் போய்விட்டது. "இல்லை" என்று யாராவது சொன்னால், "எது குறைகிறது? அதை எப்படிச் சரி செய்வது?" என்று கேட்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். 9 யூனிட் எடுப்பவர்களுக்கும் ஒவ்வொரு காலேஜும் கொஞ்சம் இடம் வைத்திருக்கலாம். உடல்நலக் குறைபாடோ கற்றல் குறைபாடோ இருந்தால் டி.எஸ்.பி.எஸ். அலுவலகம் மூலம் குறைந்த யூனிட்டோடு சேரலாம்.

அதைச் சுற்றி இருப்பவை

தனியாளாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டு கால்வொர்க்ஸ் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் பண உதவி) பெறுபவருக்கு, இ.ஓ.பி.எஸ்.ஸுக்குள்ளேயே கேர் என்ற கூடுதல் திட்டம் 1982 முதல் இருக்கிறது. கணவரைப் பிரிந்து வந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் நம் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இந்த வரியை எழுதுகிறேன். ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடம் இல்லாமல் அரசு ஏற்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு நெக்ஸ்ட்அப் என்ற திட்டம். இஞ்சினியரிங், கணிதம், அறிவியல் படிப்பவர்கள் மெசா என்ற திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடிப் படிக்க ஒரு அறையும் பாடம் சொல்லித்தர ஆளும் கிடைக்கும். இதே மாதிரி உதவி தரும் மத்திய அரசின் ட்ரையோ திட்டம் எல்லாக் காலேஜிலும் இல்லை. இருந்தால் அதிலும் சேருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் கூச்சம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் பேசிக் நீட்ஸ் சென்டர் (அடிப்படைத் தேவைகளுக்கு உதவும் இடம்) இருக்க வேண்டும் என்பது 2021இல் வந்த சட்டம். அரிசி, பருப்பு, பால், முட்டை எல்லாம் கிடைக்கும். போன வருடம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் மூன்று மாதம் மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறான். இந்த உணவுப் பொருள் தரும் பேன்ட்ரி அவன் கணக்கு வகுப்புக்கு நேர் கீழே இருந்தது. மாத உணவு உதவியான கால்ஃபிரெஷ் சாதாரணமாகக் காலேஜ் மாணவர்களுக்கு எளிதில் கிடைக்காது, ஆனால் இ.ஓ.பி.எஸ்.ஸில் இருப்பது அந்தத் தடையை நீக்கும் காரணங்களில் ஒன்று. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்களுக்கு மாநிலத்தின் தனித் திட்டம் இருக்கிறது. இதை வாங்கினால் குடியேற்ற விஷயத்தில் சிக்கல் வருமோ என்று பயமாக இருந்தால் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்காதீர்கள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இலவசக் குடியேற்றச் சட்ட ஆலோசனை உண்டு. வக்கீலிடமே கேளுங்கள்.

வகுப்பு அட்டவணையில் சில வகுப்புகளுக்குப் புத்தகச் செலவு இல்லை என்ற குறி இருக்கும். முடிந்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்கு நூலகத்தில் ரிசர்வ் பிரதி இருக்கும். லேப்டாப் கடனாகத் தருகிறார்களா, பஸ் பாஸ் உண்டா என்றும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஊரில் படித்தவர்களை ஆங்கிலத்திலும் கணக்கிலும் அடிமட்ட வகுப்பில் போட்டுவிடும் வழக்கம் என் காலத்தில் இருந்தது. ஒரு தேர்வால் எனக்கு ஒரு வருடம் போயிற்று. 2017இல் வந்த சட்டம் அதைப் பெருமளவு மாற்றிவிட்டது. எந்த வகுப்பில் சேர்வது என்று பேசும்போது காட்ட பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.

வகுப்பை விடும் முன்

இரண்டாவது வருடம் ஒரு ராத்திரி, கடையிலிருந்து திரும்பி, யாரையும் கேட்காமல் போனிலேயே ஒரு வகுப்பை டிராப் செய்தேன். 12 யூனிட் 9 ஆனது. பெல் பணம் குறைந்தது, கைக்கு வந்து செலவான தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டும் வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த காசு மாலை அப்போதுதான் அடகுக்குப் போனது. செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன் எல்லா வகுப்பையும் விட்டால் இன்னும் மோசம். எந்த வகுப்பை விடுவதானாலும் முதலில் கவுன்சிலர், அப்புறம்தான் பட்டன். ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 2.0க்குக் கீழே போனால் ஒளிந்துகொள்ளாதீர்கள், அன்றைக்கே அந்த அறைக்குப் போங்கள். முறையீடு எழுத அவர்களே உதவுவார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறும் காலத்திலும் இந்த உறவு உதவும். மாநில அரசின் பல்கலைக்கழக அமைப்புகளான யூ.சி., கால் ஸ்டேட் இரண்டிலும் வருமானம் குறைந்தவர்களுக்கு நான்கு வளாகங்கள் வரை விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி கிடைக்கும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்களில் ஒன்றுக்கு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி செய்துகொள்ளும் டேக் விண்ணப்பம் செப்டம்பரில் போட வேண்டும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம், இரண்டாவது செமஸ்டரிலேயே கவுன்சிலருடன் உட்கார்ந்து பாருங்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரு ஃபைலில் இவை போதும்: அடையாள அட்டை, ஃபாஃப்சா போட்டதற்கான அத்தாட்சி, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், இந்த செமஸ்டர் வகுப்புகளின் அச்சுப் பிரதி, வாரத்தில் எந்தெந்த நேரம் வேலைக்குப் போகிறீர்கள் என்று எழுதிய ஒரு தாள். இந்தக் கடைசித் தாளை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாக எடுத்து மேசையில் வையுங்கள். அறையை விட்டு எழும் முன் அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.