புது கன்சோல் வதந்தியை மேசையில் வைத்துச் சோதிப்பது எப்படி

புதிய கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் கருவி, வரப்போகிறது என்றால் முதலில் கிளம்புவது அதன் கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் பகுதி) பற்றிய பேச்சுதான். பட்டனே இருக்காதாம், காற்றில் ஆட்டினால் போதுமாம், எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று அறியுமாம். இதில் எது நிற்கும், எது விழும் என்று தெரிந்துகொள்ள, கசிந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை. உள்ளே எந்த சென்சார் இருக்க வேண்டும், அது எதை ஆதாரமாக வைத்துத் தன் நிலையை அறியும் என்று கேளுங்கள். பிறகு அதன் மலிவான நகலைச் செய்து கையில் பிடித்துப் பாருங்கள். இந்தக் குறிப்பு புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் காற்றையும் கைப்பொருட்களையும் கணக்கில் கொண்டது.

முதலில் காகிதம்

வதந்தியின் வேர் காப்புரிமை விண்ணப்பமா என்று பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் விண்ணப்பதாரர் கட்டத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, தேதி வாரியாக அடுக்கினால் போதும். அமெரிக்க எண்ணின் கடைசியில் ஏ1 என்றிருந்தால் வெறும் விண்ணப்பம், பி2 என்றால் வழங்கப்பட்ட காப்புரிமை. விண்ணப்பங்கள் பொதுவாக முதல் பதிவிலிருந்து 18 மாதம் கழித்தே வெளியாகும். ஆக, இன்று நீங்கள் பார்க்கும் படம் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய யோசனையாக இருக்கக்கூடும். படங்களைத் தாண்டி உரிமைகோரல் பகுதிக்குப் போங்கள். முதல் கோரலில் எந்த சென்சார் சொல்லப்பட்டிருக்கிறதோ அதுதான் சரக்கு. மற்றதெல்லாம் வக்கீல் போட்ட வேலி.

காப்புரிமைப் படத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 டிசம்பரில் வெளியான, ஜப்பானிய கேம் நிறுவனம் நின்டென்டோவின் விண்ணப்பமே சாட்சி. நீள்வட்ட உடம்பு, முன்பக்கம் முழுக்கத் திரை, திரையைத் துளைத்துக்கொண்டு இரண்டு ஸ்டிக். 2016 மார்ச்சில் அதே மாதிரியான கன்ட்ரோலரின் 'கசிந்த' படங்கள் பரவின. ஒன்று முப்பரிமாண அச்சில் செய்தது, மற்றொன்று கணினியில் வரைந்தது என்று செய்தவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். போலி செய்பவர்களும் காப்புரிமை படிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதே ஆண்டு ஜூலையில், கழற்றி மாட்டும் கன்ட்ரோலர் என்று யூரோகேமர் என்ற கேம் செய்தித்தளம் எழுதியதுதான் சரியாக வந்தது. அக்டோபரில் நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோல் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியில் கவர்ச்சியான படம் எதுவும் இல்லை, வேலை செய்யும் முறை இருந்தது.

கம்பியில்லாக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்சிசியின் பதிவு அடுத்த இடம். நின்டென்டோ கருவிகளின் எண் பிகேஇ என்று தொடங்கும். உள்படங்களை 180 நாள் வரை மறைத்து வைக்க நிறுவனம் கேட்கலாம், ஆனால் ப்ளூடூத் உண்டா, என்எஃப்சி (அருகில் வைத்தாலே தகவல் பரிமாறும் வசதி) உண்டா என்பது சோதனை அறிக்கையில் தெரிந்துவிடும். பத்து இடத்தில் வந்த செய்தி என்று மயங்க வேண்டாம். பத்தும் ஒரே பதிவைச் சுட்டினால் அது ஒரே செய்திதான்.

உடம்பு செய்தல்

முப்பரிமாண அச்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள் செய்யும் முறையே இதற்கு அருமையாகப் பொருந்தும். களிமண்ணில் கன்ட்ரோலரின் வடிவத்தைப் பிடித்து, கையில் உட்காரும்வரை அமுக்கித் திருத்துங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை 6 அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு இரண்டு அடுக்குக்கும் இடையில் காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே நனைந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் நாள் கணக்கில் இழுக்கும், அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் பூஞ்சை அண்டாது, ஆனால் அது விஷம். குழந்தைகள் கைவைக்கும் இடத்தில் வேண்டாம். காய்ந்ததும் பிளேடால் இரண்டாக அறுத்துக் களிமண்ணை எடுத்துவிட்டால் உள்ளீடற்ற ஓடு கிடைக்கும்.

எடை சரியில்லாத மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஸ்விட்ச் 2-இன் இரு பக்கமும் மாட்டும் ஜாய்கான் கன்ட்ரோலர்கள் 66, 67 கிராம். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் ஏறக்குறைய 280 கிராம். 10 ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். ஓட்டின் எடையை நகைக்கடைத் தராசு மாதிரியான சின்னத் தராசில் பார்த்து, மீதிக்கு நாணயங்களை உள்ளே ஒட்டுங்கள். பேட்டரி இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள், நடுவில் குவிக்க வேண்டாம்.

மூளை

அர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன போர்டு வாங்குங்கள். அதிலுள்ள ஏடிமெகா32யு4 சிப் தானே யுஎஸ்பி பேசும் என்பதால் கணினி அதை மவுஸாகவோ கேம்பேடாகவோ நேரடியாக ஏற்கும். அர்டுயினோவின் இன்னொரு வகையான ஊனோ போர்டு இதற்கு ஆகாது. 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேளுங்கள். கீழே வரும் தொடு மாட்யூல் 3.3 வோல்ட்டில் ஓடுவது. வேறு வோல்ட் வகையும் இதுவும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும், கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைகளில் வாங்கினாலும் தபாலில் வரவழைத்தாலும் பெட்டியை நம்பாமல் போர்டைப் பாருங்கள்.

கணினியில் போர்டு வகையைத் தவறாகத் தேர்ந்து புரோகிராம் ஏற்றினால் யுஎஸ்பி வேகக்கணக்கு பிசகி, கணினி போர்டையே காணாமல் அடித்துவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். போர்டின் ஆர்எஸ்டி (ரீசெட்) காலையும் ஜிஎன்டி (தரை) காலையும் ஒரு கம்பியால் இரண்டு முறை சட்டென்று தொட்டுவிடுங்கள். அடுத்த 8 விநாடி, புது புரோகிராமை ஏற்கும் பூட்லோடர் விழித்திருக்கும்; அதற்குள் சரியான வகையைத் தேர்ந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும். மைக்ரோ யுஎஸ்பி வாய் எளிதில் பிய்ந்து வரும், முதல் வேலையாக அதைச் சுற்றிச் சூட்டுப் பசை வையுங்கள். கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி இருப்பவர்கள் ஜம்பர் கம்பிகளை நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடித்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். அதை சென்சார் கோளாறு என்று நினைத்து மாய்ந்து போவீர்கள். நேராக சால்டர் செய்யுங்கள்.

காற்றில் ஆட்டும் கன்ட்ரோலர் என்றால்

இதில்தான் வதந்திகள் அதிகம் பொய்க்கின்றன. எம்பியு-6050 என்பது திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த மாட்யூல். அதன் எஸ்டிஏ காலை ப்ரோ மைக்ரோவின் 2-க்கும், எஸ்சிஎல் காலை 3-க்கும் கொடுங்கள். புரோகிராமில் அதை அழைக்கும் முகவரி 104. சிப் தூங்கிக்கொண்டே தொடங்கும். 107ஆம் ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்பை வைக்கும் நினைவிடம்) 0 எழுதினால்தான் விழிக்கும். வழக்கமான அளவு விநாடிக்கு 250 டிகிரி, மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினாலே அது நிரம்பிவிடும். 27ஆம் ரெஜிஸ்டரில் 24 எழுதினால் 2000 டிகிரிவரை தாங்கும். அப்போது வரும் எண்ணை 16.4-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும்.

போர்டை மேசையில் அசையாமல் வைத்து 500 அளவீடு எடுத்து, சராசரியை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். கோணம் கணக்கிடும்போது இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மைக்ரோவிநாடி கடிகாரத்தில் அளந்தே போடுங்கள். 0.01 விநாடி என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டு, நடுவில் திரைக்கு எண்களை அச்சிட்டுக்கொண்டிருந்தால் 90 டிகிரி திருப்பியும் 60, 70 என்றே காட்டும். மேசை விளிம்போடு ஒட்டி வைத்து அடுத்த விளிம்புக்குத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேல் கீழ் சாய்வையும் பக்கச் சாய்வையும் புவியீர்ப்பை வைத்துத் திருத்தலாம்: கைரோ கணக்குக்கு 0.98 பங்கு, முடுக்கமானிக்கு 0.02 பங்கு என்று கலந்தால் நிலைத்து நிற்கும். இடம் வலம் திரும்புவதற்கு அந்த வசதி கிடையாது. கன்ட்ரோலர் எத்திசை நோக்கினாலும் ஈர்ப்பு ஒன்றுதானே! 5 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுப் பாருங்கள், இடவலக் கோணம் சில டிகிரி நகர்ந்திருக்கும். ஏசி அறையிலிருந்து வெயிலடிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் நகரும், ஏனென்றால் சிப்பின் பூஜ்யப் புள்ளி வெப்பத்தோடு மாறுவது.

ஆகவே திரையில் துல்லியமாகச் சுட்டும் என்று ஒரு வதந்தி சொன்னால், வெளியாதாரம் எது என்று கேளுங்கள். 2006-இல் வந்த நின்டென்டோவின் வீ கன்சோலுக்கு அது டிவியருகே வைத்த பட்டை: இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடிகள், அவற்றைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில். இரண்டு மெழுகுவத்தி வைத்தாலும் வேலை செய்யும். அதனாலேயே டிவி பக்கத்துப் பூஜை அலமாரியில் குத்துவிளக்கு எரிந்தால் சுட்டி தாவும், மாலை வெயில் ஜன்னல் வழி நேரே விழுந்தாலும் தாவும். காந்தமானி (திசைகாட்டி போல வடக்கை அறியும் சென்சார்) வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் மாதிரியை இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வடக்கு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வெளியாதாரம் எதுவுமே இல்லை என்றால் 'நடுவுக்குத் திருப்பு' என்று ஒரு பட்டன் கட்டாயம் இருக்கும். வதந்திப் படத்தில் அந்தப் பட்டனுக்கு இடமில்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பட்டனில்லாத தொடுபரப்பு

எம்பிஆர்121 மாட்யூல் 12 தொடுபுள்ளிகளை அறியும். செப்பு டேப்பை 12 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டி, இடையில் 5 மில்லிமீட்டர் விட்டு ஓட்டின் மேல் ஒட்டி, மேலே ஒரு அடுக்குத் தாள் போர்த்துங்கள். உலர்ந்த கையில் அழகாக வேலை செய்யும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை உப்பைக் கரைத்து விரல்நுனியில் தொட்டுக்கொண்டு ஆடிப் பாருங்கள். சித்திரை மாதத்துக் கடலூரில் விசிறி நின்ற அறையின் கை அதுதான். ஈரப்படலம் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டினால் குறையும், ஆனால் கட்டைவிரல் எட்டாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆடுகிறவரின் கட்டைவிரல் எப்போதும் பட்டன்மேல் சும்மா கிடக்கும். தொடுபரப்புக்கு அந்தச் சும்மாவும் அழுத்தமும் ஒன்றே. எனவே பட்டனில்லை என்ற பேச்சு உண்மையாக வேண்டுமானால் அடியில் அழுத்தமறியும் சென்சாரும், அழுத்தியதை விரலுக்குச் சொல்லும் அதிர்வும் சேர்ந்தே வர வேண்டும். மூன்றில் இரண்டைப் பற்றிப் பேச்சே இல்லையா, விட்டுவிடுங்கள்.

அழுத்தத்துக்கு எஃப்எஸ்ஆர் 402 என்ற அழுத்த சென்சார் போதும்: ஒரு கால் 3.3 வோல்ட்டுக்கு, மறுகால் போர்டின் ஏ0 காலுக்கு, ஏ0-இலிருந்து ஜிஎன்டிக்கு 10 கிலோ ஓம் மின்தடை. சென்சாரின் வாலில் நேரடியாக சால்டர் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், கிளிப் இணைப்பு போடுங்கள். பலவீனம், நடுத்தரம், பலம் என்று மூன்று படியைத்தான் கை நிலையாகப் பிரிக்கும். பிளேஸ்டேஷன் 2-இன் பட்டன்களே அழுத்தம் அறிந்தவை, பிஎஸ்4-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

மவுஸாக மாறும் கன்ட்ரோலர்

ஸ்விட்ச் 2-இல் இது நிஜமாகவே வந்தது. 2025 ஜனவரி காணொளியில் ஜாய்கான்கள் தரையில் வழுக்கிப் போவதைக் காட்டினார்கள், ஏப்ரலில் மவுஸ்தான் என்று உறுதிசெய்தார்கள். நகல் செய்ய பழைய ஆப்டிகல் மவுஸ் ஒன்றைப் பிரியுங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அலசினால் அகப்படலாம். லென்ஸுக்கும் பரப்புக்கும் இடையே சுமார் 2.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கூடினால் சுட்டி துள்ளும் அல்லது நிற்கும். மவுஸின் அடித்தட்டில் அந்தத் துளையுள்ள பகுதியையே அறுத்து ஓட்டின் ஒல்லியான விளிம்பில் ஒட்டினால் அளவு தானாக அமையும். கண்ணாடி மேசையில் ஓடாது. கோரைப்பாயிலும் உட்கார்ந்திருக்கும் தொடைமேலும் வைத்துப் பாருங்கள், நம் வீடுகளில் கன்சோல் முன்னால் மேசை இருப்பது அபூர்வம். அரை மணி ஆடியபின் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு வலித்தால், அம்சம் நிஜமாக இருந்தாலும் அதற்கென எழுதப்படும் ஆட்டங்கள் சிலதான் இருக்கும் என்று கணக்குப் போடலாம்.

தாமதம்

ஓட்டில் ஒரு எல்இடியை, பட்டன் அழுத்தினால் உடனே எரியும்படி நேரடியாகக் கொடுங்கள். எல்இடியும் திரையும் ஒரே சட்டத்தில் தெரிய, கைபேசியில் விநாடிக்கு 240 படம் என்ற வேகத்தில் பதியுங்கள். எல்இடி எரிந்ததிலிருந்து திரை மாறும்வரை எத்தனை படம் என்று எண்ணி 4.17-ஆல் பெருக்கினால் மில்லிவிநாடி. 12 படம் என்றால் 50. இதில் டிவியின் பங்கும் அடங்கியிருக்கும், அதனால் டிவியை கேம் மோடில் போட்டு, கம்பி மவுஸ் ஒன்றின் கிளிக்கையும் இதேபோல் அளந்து ஒப்பிடுங்கள்.

வாங்கும் யோசனை இருந்தால்

புதுச்சேரியில் பல வீடுகளுக்குக் கன்சோல் வருவது பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா, மாமா பெட்டியில்தான். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, பிளக் வடிவம்தான் மாறும். வதந்தியை நம்பி, அறிவிப்புக்கு முன்பே அவரிடம் பணம் கொடுத்து வைக்க வேண்டாம். வாங்கச் சொல்லும்போது கூடுதல் கன்ட்ரோலரையும் அதன் மணிக்கட்டுப் பட்டையையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். வீ ரிமோட்டின் பட்டைகள் அறுந்து டிவிகள் உடைந்ததால் 2006 டிசம்பரிலேயே நின்டென்டோ தடித்த பட்டைகளை மாற்றித் தர வேண்டியிருந்தது. ஆட்டி விளையாடும் எந்தக் கன்ட்ரோலருக்கும் பட்டை அவசியம்.