போட்டோ எடிட்டிங்குக்கு மலிவான மானிட்டர்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண ஆல்பம் பிரிண்டாகி வந்தது. பிரித்துப் பார்த்தால் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது, முந்தானை மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை, மாப்பிள்ளையின் தலைமுடி எங்கே முடிகிறது, பின்னால் தொங்கிய திரைச்சீலை எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை. கோபத்தோடு லேபுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் நான் கொடுத்த அதே ஃபைலைத் தன் மானிட்டரில் திறந்தார். அங்கேயும் அதே இருட்டு. "தம்பி, வீட்ல பிரைட்னஸ் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்றார். "100 அண்ணே." "அதான்."

அந்த மானிட்டரை நான் வாங்கியதே, கடையில் இருந்த மற்ற எல்லாவற்றையும்விட அது பளிச்சென்று இருந்ததால்தான். முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. சினிமா பார்க்க, கேம் ஆட வாங்குகிறவருக்கு அழகாகக் காட்டும் திரை போதும். எடிட் செய்கிறவருக்கு, ஃபைலில் இருப்பதை இருக்கிறபடி காட்டும் திரை வேண்டும். திரையே கொஞ்சம் வெளிச்சத்தையும் நிறத்தையும் சேர்த்துக் காட்டினால், படத்துக்கு அவை தேவைப்படும் இடத்தில் நாம் சேர்க்காமல் விட்டுவிடுவோம்.

கடைகளில் எல்லா மானிட்டரும் முழு வெளிச்சத்தில், விவிட் மோடில், பூவும் மீனும் ஓடும் டெமோ வீடியோவோடு நிற்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் படங்களையே ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள்: பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு முகம், இருட்டு அதிகமுள்ள ஒரு படம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அப்புறம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சீராக மாறும் ஒரு சாம்பல் பட்டை. மெனுவில் எஸ்ஆர்ஜிபி (இணையமும் போன்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிற வரம்பு) மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டு அந்தச் சாம்பல் பட்டையைப் பாருங்கள். நடுவில் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்த்தால், பட்டை பட்டையாக உடைந்து தெரிந்தால், அந்த மானிட்டர் வேண்டாம்.

பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைப்பலகை, ஐபிஎஸ், டிஎன், விஏ என்று மூன்று வகையில் கிடைக்கும். அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஐபிஎஸ் வாங்குங்கள். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிறம் மாறும். விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 3000:1 வரை போகும், சாதாரண ஐபிஎஸ்ஸில் 1000:1 அளவுதான், அதனால் விஏ பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் நேராகப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் பக்கவாட்டில் பார்க்கும்போது வேறு மாதிரியும் நிழல் பகுதிகள் தெரியும். கறுப்பு கோட்டுக்குள் இருக்கும் விவரத்தைத் தூக்க வேண்டிய நேரத்தில் அது நம்மை ஏமாற்றிவிடும். எந்தக் கோணம் வரை பார்க்கலாம் என்பதற்குப் பெட்டியில் "178 டிகிரி" என்று ஐபிஎஸ், விஏ இரண்டிலுமே போட்டிருப்பார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெட்டியில் இருக்கும் எண்களில் அதிகம் பேர் ஏமாறுவது "1.67 கோடி நிறங்கள்" என்பதில்தான். அது 8 பிட் திரையின் கணக்கு, மட்டமான பேனலிலும் இருக்கும். படிக்கட்டில் எத்தனை படி என்று சொல்கிறதே தவிர, மாடி எவ்வளவு உயரம் என்று சொல்வதில்லை. அந்த உயரத்தைத்தான் எஸ்ஆர்ஜிபி கவரேஜ் என்கிறோம். சில பெட்டிகளில் அதை என்டிஎஸ்சி என்ற பழைய டிவி நிற அளவுகோலில் போட்டிருப்பார்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். குங்குமச் சிவப்பு அதில் வெளிறிய செங்கல் நிறமாகத்தான் தெரியும். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் கிட்டத்தட்ட எஸ்ஆர்ஜிபி அளவுக்குப் பரப்பு இருக்கிறது என்று பொருள். ஆனாலும் "99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கவரேஜ்" என்று தெளிவாகச் சொல்லும் மாடலை எடுப்பதே நல்லது. கூடவே டெல்டா ஈ 2-க்குக் கீழே என்று இருந்தால் இன்னும் நல்லது. காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள விலகல்தான் டெல்டா ஈ, எண் குறையக் குறைய நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எஸ்ஆர்ஜிபி 1996-ல் வந்த பழசு, அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி உள்ளதாக வாங்குவோம்" என்று பட்ஜெட்டை இழுத்துப் பிடித்து அகலமான கலர் உள்ள திரையை வாங்குவது. வீட்டிலேயே நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் வைத்துப் பெரிய பிரிண்ட் போடுகிறவருக்கு அது உதவும். பெரும்பாலான ஆல்பம் லேபுகள் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான், வாடிக்கையாளர் பார்ப்பது வாட்ஸ்அப்பில். லைட்ரூமும் போட்டோஷாப்பும் மானிட்டரின் புரொஃபைலை (அது நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் ஃபைல்) படித்து நிறத்தைச் சரியாகக் காட்டும். ஆனால் விண்டோஸில் அப்படிப் படிக்காத மென்பொருள்கள் நிறைய, அவற்றில் அதே படம் அளவுக்கு மீறிய நிறத்தோடு தெரியும். நலங்கில் மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகத் தெரிய, நாம் நிறத்தைக் குறைக்க, போனில் பார்த்தால் பெண் காய்ச்சலில் கிடந்தவள் போல வெளிறியிருப்பாள். அகலமான கலர் உள்ளதைத்தான் வாங்குவேன் என்றால், அதில் ஒழுங்கான எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா, அந்த மோடில் பிரைட்னஸை மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

அளவு விஷயத்தில், 27 அங்குலத்தை 1920×1080-ல் வாங்காதீர்கள். ஒரு அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், கண் இமை முடியைச் சரிபார்க்கும்போது புள்ளிகள்தான் தெரியும். அதே ரெசொலூஷன் 24 அங்குலத்தில் 92, 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109. பணம் குறைவென்றால் 24, கொஞ்சம் சேர்க்க முடிந்தால் 27 அங்குல 1440. ஆசுஸ் ப்ரோஆர்ட் வரிசையில் பிஏ248க்யூவி என்ற 24.1 அங்குல மாடல் 1920×1200, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. உயரத்தில் கிடைக்கும் அந்த 120 பிக்சல் போட்டோஷாப்பில் நன்றாகவே பயன்படும். அதன் 27 அங்குல அண்ணன் பிஏ278க்யூவி. இந்த வகையில் வேறு கம்பெனி மாடல்களும் உண்டு, இதே எண்களை வைத்துத் தேடுங்கள்.

165 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், வளைந்த திரை, இதற்கெல்லாம் எடிட்டிங்கில் வேலையே இல்லை. எச்டிஆர் 400 (அதிக வெளிச்ச வித்தியாசம் காட்டும் என்று சொல்லும் சான்றிதழ்) ஸ்டிக்கருக்காகவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலே அந்தச் சான்றிதழ் கிடைக்கும்.

சரி, வாங்கியாயிற்று. இனிதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண மானிட்டர்கள் 250 முதல் 350 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரும். பிரிண்டுக்காக எடிட் செய்யும்போது தேவைப்படுவது 80 முதல் 120 நிட்தான். அளக்கக் கருவி இல்லாதவர்கள் திரையில் முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை அறை வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொள்ளுங்கள். திரை டியூப்லைட் போல எரிகிறது, தாள் மங்கலாக இருக்கிறது என்றால், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் எல்லாமே இருட்டாக இருப்பது போல் தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும். மானிட்டர் மெனுவில் கலர் டெம்பரேச்சரை (வெள்ளை மஞ்சளாகவோ நீலமாகவோ சாயும் அளவு) 6500-லும், காமாவை (நடுத்தர வெளிச்சம் எவ்வளவு தெரியும் என்ற அளவு) 2.2-லும் வையுங்கள். நைட் லைட், கண் பாதுகாப்பு மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தபின் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் செட்டிங்கில் கலர் ரேஞ்ச் லிமிடெடில் இருக்கிறது, ஃபுல்லுக்கு மாற்றுங்கள்.

கேலிபரேட் செய்யும், அதாவது திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவியை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது என்னைப் பொறுத்தவரை மலிவான மானிட்டரைவிடப் பெரிய தவறு. ஃபேக்டரியில் சரிசெய்து அனுப்பியிருந்தாலும் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் பழசாகும், நிறம் நகரும். ஸ்பைடர், கேலிபிரைட் கருவிகளின் விலை தனியாள் ஒருவருக்குப் பாரம்தான். தெரிந்த போட்டோகிராபர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போக வைக்கலாம். அளக்கும்முன் மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும்.

அந்த ஆல்பத்தை நான் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு மறுபடி எடிட் செய்தேன், இரண்டு இரவுகள் பிடித்தது. இந்தமுறை எல்லாவற்றையும் அனுப்பாமல், இருட்டான மேடைப் படம், அரக்குப் பட்டு, மஞ்சள் முகம், வெள்ளை வேட்டி, வெளியில் எடுத்த ஒன்று என 5 படங்களை மட்டும் 4×6 அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தானை மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதன்பிறகுதான் முழு ஆல்பத்தையும் லேபுக்கு அனுப்பினேன்.