ஏரிக்கரை ஸ்டார் ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறீர்களா?

எங்கள் வடசென்னையில் ஏரிக்குப் பஞ்சமில்லை. ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர் என்று பக்கத்திலேயே இருக்கின்றன. கொஞ்சம் தள்ளினால் 1876-இல் கட்டிய புழல் ஏரி. ஆனால் புழல் கரையில் மேஜை போட்டு, வெள்ளைத்துணி விரித்து யாரும் பரிமாற முடியாது. அது ஊரே குடிக்கிற தண்ணீர். அதனால் ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்புகிறார்கள். நான் ஸ்டார் ஓட்டல்களில் பரிமாறுகிற ஸ்டூவர்டாகச் சேர்ந்து, அவர்களை மேற்பார்க்கிற கேப்டனாக ஓய்வு பெற்றவன். இப்போது வியாசர்பாடியில் வீட்டோடு இருக்கிறேன். மே மாதம் வந்துவிட்டால் தெருவில் யாராவது பிடித்துக்கொள்வார்கள்: "அண்ணே, கல்யாண நாளு, ஏரியாண்ட பெரிய ஓட்டல்ல சாப்பிடலாம்னு இருக்கோம், எவ்ளோ ஆவும்?"

பணத்தை அப்புறம் பேசலாம். எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. அதே பட்டர் நானும் பனீரும் பெரம்பூரிலும் கிடைக்கும். ஏரிக்கரை ஓட்டலில் கூடுதலாகக் கொடுக்கிற காசு முழுக்க ஏரிக்குத்தான்.

இருட்டிய பிறகு போனால் அந்தக் காசு வீண். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் கண்ணாடியில் ஏரி தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். ராத்திரி எட்டரைக்கு வந்து "விண்டோ சீட்தான் வேணும்" என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு, சாப்பாடு முடியும்வரை தங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஜோடிகளுக்கு நானே பரிமாறியிருக்கிறேன். சமவெளி ஏரி என்றால் அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். நம் ஊரில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடும், ஜூலையில் ஆறரை தாண்டும். அதைக் கணக்குப் பண்ணி நேரம் சொல்லுங்கள். மலையில் கணக்கு வேறு. கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி ஏரியே காணாமல் போகிற நாள் நிறைய உண்டு. அங்கே பகல் பன்னிரண்டரை மணிச் சாப்பாடுதான் புத்திசாலித்தனம்.

போன் பண்ணி புக் செய்யும்போது "லேக் வியூ டேபிள்" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். கார் பார்க்கிங்கைத் தாண்டி ஒரு கீற்று தண்ணீர் தெரிந்தாலும் அது லேக் வியூதான். மேஜை கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியே திறந்த வராந்தாவிலா? முதல் வரிசையா, இரண்டாவதா? எவ்வளவு நேரம் உட்கார விடுவீர்கள்? அன்றைக்கு பஃபே மட்டுமா, மெனு பார்த்து ஆர்டர் பண்ணவும் முடியுமா? இதையெல்லாம் கேளுங்கள். பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று "உங்க ஆளு இன்னார்தான் சொன்னாரு" என்றால் பாதி வேலை முடிந்தது. சீசனிலும் சனி, ஞாயிறுகளிலும் பல இடங்களில் பஃபேதான். ஏரி பார்க்க வந்தவருக்கு பஃபே சரிப்படாது. ஆளுக்கு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள். முட்டிவலிக்கார அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இன்னும் கஷ்டம்.

உடைக்குப் பயப்பட வேண்டாம். நல்ல புடவை, இஸ்திரி போட்ட சட்டை போதும். ரப்பர் செருப்பும் அரை டவுசரும் சில இடங்களில் வாசலிலேயே நிற்கும். வெளியே உட்காருவதாக இருந்தால் பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024-லிருந்து இ-பாஸ் வேண்டும், அதை மறந்துவிட்டு டேபிளை மட்டும் புக் பண்ணிப் பயனில்லை.

இனி மீன். இதில்தான் காசிமேட்டு மார்க்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த நம்மவர்கள் ஏமாறக் கூடாது. ஏரிக்கரை என்பதால் எதிரே தெரிகிற ஏரியில் பிடித்த மீன் தட்டுக்கு வரும் என்று நினைக்காதீர்கள். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அப்படி வந்ததில்லை. மலையில் கிடைக்கிற வஞ்சிரம், இறால் எல்லாம் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வந்தவை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. கோடை சீசன் விழுவதும் அதே நாட்களில்தான். அப்போது பெரிய வஞ்சிரத் துண்டு தாராளமாக மெனுவில் இருந்தால் அது மேற்குக் கரை மீனாக இருக்கும், இல்லாவிட்டால் ஃப்ரீசர் மீனாக இருக்கும். எது என்று கேளுங்கள். "இன்னிக்கு வந்ததா, ஃப்ரோசனா?" என்று கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? ஒழுங்கான கேப்டன் உண்மையைச் சொல்வார், இல்லாவிட்டால் உள்ளே போய் விசாரித்துவிட்டு வருவார்.

முள்ளே இல்லாமல், வாசனையே இல்லாமல், வெள்ளை வெளேரென்று வருகிற ஃபிஷ் ஃபிங்கர் பெரும்பாலும் பாசா என்கிற வளர்ப்பு மீன். குழந்தைகளுக்குச் சரி, நாம் அதற்கு எண்ணூறு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. மெனுவில் சீ பாஸ் என்று போட்டிருந்தால் அநேகமாக நம்ம கொடுவாதான், முழு மீனாகக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்கலாம். கண்ணும் செவுளும் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊட்டி பக்கம் ட்ரவுட் இருந்தால் தைரியமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சுப் பொரிப்பகமே இருக்கிறது; குளிர்ந்த தண்ணீர் மீன், நம் மார்க்கெட்டில் பார்க்கவே முடியாது. குழம்பாக வேண்டாம், வெண்ணெயில் வறுத்துத் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் பண்ணாதீர்கள். சொன்னதெல்லாம் ஒன்றாக வந்து ஆறிப்போகும், நாற்பது நிமிடத்தில் பில்லும் வந்து நிற்கும். முதலில் சூப்பும் ஒரு ஸ்டார்ட்டரும் போதும்; ஒரு பிளேட்டில் எத்தனை பீஸ் என்று கேட்டுவிடுங்கள். "மெயின் கோர்ஸ் நாங்க சொல்றப்ப போடுங்க" என்று சொன்னால் எந்தக் கேப்டனும் கோபித்துக்கொள்ள மாட்டார். கையால் சாப்பிடுங்கள். ஃபோர்க்கை வைத்துக்கொண்டு பட்டர் நானோடு நீங்கள் மல்லுக்கட்டுவதைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருக்கும்.

உட்கார்ந்ததும் "ரெகுலரா, மினரலா?" என்று கேட்பார்கள். ரெகுலர் என்றால் வடிகட்டிய தண்ணீர், காசு கிடையாது. பாட்டில் வாங்கினால் அச்சிட்ட விலைக்கு மேலே போடுவார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றமே ஓட்டல்களுக்கு அதை அனுமதித்துவிட்டது, சண்டை போட்டுப் பிரயோசனமில்லை.

பில்லில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று ஜிஎஸ்டி. தனி உணவகம் என்றால் 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. மெனுவில் 800 என்று இருப்பது அந்த ஓட்டலுக்குள் 944 ஆகும், தனி உணவகத்தில் 840. மெனுவைப் பார்த்துக் கணக்குப் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சர்வீஸ் சார்ஜ். அது வரி அல்ல. கட்டாயமாகப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "எடுத்துடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணிப் புகார் சொல்லலாம். எடுக்கச் சொன்ன கையோடு, பரிமாறிய பையனுக்கு மனசுக்குப் பட்டதை ரொக்கமாகக் கொடுங்கள். நான் இருந்த இடங்களில் பில் ஃபோல்டரில் வைக்கிற டிப்ஸ் பொதுப் பெட்டிக்குப் போய், பாத்திரம் கழுவுகிறவர் வரை பிரியும். அதுவும் நல்லதுதான்.

மீந்ததைப் பேக் பண்ணித் தரச் சொல்லலாம், பஃபேயில் மட்டும் முடியாது. கொடைக்கானல் என்றால் அந்தப் பார்சலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்காதீர்கள். பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். குரங்குகளுக்கு ஓட்டல் கவர் நன்றாகவே தெரியும்.