பாதி மூளை சுருங்கிய ஸ்கேன்: ரிப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிப்பு வந்த குழந்தையின் எம்ஆர்ஐயில் மூளையின் ஒரு பக்கம் சிறுத்திருந்தால், ரிப்போர்ட் எழுதப் புதிதாக வந்தவருக்கும் அது தெரிந்துவிடும். தெரிந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் சிக்கல். ஒவ்வொரு புதிய குழுவும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. இடம் வலம் மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

தலை சாய்ந்திருப்பதைச் சுருக்கம் என்று எழுதுவது

இரண்டு கண்களின் லென்ஸும் ஒரே ஸ்லைஸில் வருகின்றனவா, அதேபோல் இரண்டு பக்க உட்செவிக் குழாய்களும் ஒரே ஸ்லைஸில் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் தலை சாய்ந்திருக்கிறது. 1 மி.மீ. தடிமனில் எடுத்த முப்பரிமாண டி1 (எம்ஆர்ஐயின் அடிப்படைப் பட வகைகளில் ஒன்று) இருந்தால் மூன்று தளங்களிலும் நேராக்கிவிட்டு ஒப்பிடலாம். ஒரு பக்க வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) மட்டும் சற்றுப் பெரிதாக இருப்பது நலமாக இருப்பவர்களிடமும் உண்டு. வெறும் அதை வைத்துச் சுருக்கம் என்று எழுதக் கூடாது.

பெரிய வென்ட்ரிக்கிளை மட்டும் நம்புவது

சுருங்கிய பக்கத்தில் வென்ட்ரிக்கிள் விரியும், நடுக்கோடு அந்தப் பக்கமாக இழுபடும். ஆனால் ஹெமிமெகலென்செபலியில், அதாவது ஒரு பாதி பிறவியிலேயே பருத்திருக்கும் நிலையில், பருத்த பக்கத்து வென்ட்ரிக்கிள்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அங்கே புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருக்கும், அதன் மடிப்புகள் தாறுமாறாக இருக்கும். புறணியைப் பார்க்காமல் எந்தப் பக்கம் நோயுற்றது என்று சொல்லவே முடியாது.

‘டைக்–டேவிடாஃப்–மாசன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது

மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

1933-இல் டைக், டேவிடாஃப், மாசன் என்ற மருத்துவர்கள் மூவரும் ஒன்பது நோயாளிகளின் மண்டையோட்டு எக்ஸ்ரேயையும், மூளைநீர் இருக்கும் இடத்தில் காற்றைச் செலுத்தி எடுத்த படங்களையும் வைத்து எழுதினார்கள். அவர்கள் விவரித்தது ஒரு தோற்றத்தை, நோய்க் காரணத்தை அல்ல. கருவிலோ பிரசவத்தின்போதோ ஏற்பட்ட ரத்த ஓட்டக் குறைவு, ரத்தக்கசிவு, தொற்று, நீண்ட வலிப்பு என எது வேண்டுமானாலும் அந்தத் தோற்றத்தில் வந்து முடியலாம்.

அதில் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. மண்டையோட்டை வெளியே தள்ளி வளர்ப்பது வளரும் மூளைதான். சுமார் மூன்று வயதுக்குள் ஒரு பாதி வளர்ச்சி நின்றுபோனால், அந்தப் பக்க எலும்பு உள்நோக்கித் தடிக்கும், முன்நெற்றி சைனஸும் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு காற்றறைகளும் பெருக்கும், உட்செவியைச் சுற்றியுள்ள பெட்ரஸ் எலும்பின் விளிம்பு மேலேறும். ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு தடிக்கும், ஆனால் இரண்டு பக்கமும். ஒரு பக்க எலும்பு மாற்றம் என்பது பழைய, முடிந்துபோன காயத்தின் தடயம்.

இப்போது ஏழு வயதுக் குழந்தையின் படம் வருகிறது. பேச்சும் ஓட்டமுமாக இருந்த குழந்தைக்குச் சில மாதங்களாக வலது கை ஓயாமல் துடிக்கிறது. படத்தில் இடது பாதி சற்றுச் சிறுத்திருக்கிறது, எலும்போ இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது. இதற்கு அந்தப் பழைய பெயரைச் சூட்டினால், ‘சிறுவயதுப் பாதிப்பு, இனி மாறாது’ என்றுதான் மருத்துவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது ராஸ்முசென் மூளையழற்சியாக இருக்கலாம். அந்த நோய் நின்ற இடத்தில் நிற்காது, பாதி மூளையை அரித்துக்கொண்டே போகும். கை வலுவிழக்கும், பேச்சு குறையும். தொடர் துடிப்பை வலிப்பு மருந்துகளால் அடக்குவது மிகக் கடினம். பாதி மூளையின் தொடர்பைத் துண்டிக்கும் அறுவையை எப்போது செய்வது என்ற முடிவு உங்கள் ரிப்போர்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மூளையின் பக்கவாட்டில் உள்ள சில்வியன் பிளவையும், அதன் ஆழத்தில் மறைந்திருக்கும் இன்சுலா என்ற புறணிப் பகுதியையும் முதலில் பாருங்கள். சுருக்கம் பெரும்பாலும் அங்கே தொடங்கும். அடுத்து அதே பக்கத்து காடேட் (மூளையின் ஆழத்தில் உள்ள சாம்பல்நிறத் திரள்) தலைப்பகுதி மெலிந்திருக்கிறதா, ஃபிளேரில் (மூளைநீரின் ஒளியை அடக்கி எடுக்கும் எம்ஆர்ஐ வகை) புறணியோ வெண்பொருளோ வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ராஸ்முசெனுக்காக 2005-இல் வந்த ஐரோப்பிய நோயறி அளவுகோல்கள் கேட்பதும் இவற்றைத்தான்.

பழைய ஸ்கேனைக் கேட்டு வாங்கி, ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழையது இல்லையென்றால் சில மாதங்களில் மறுபடியும் எடுக்கச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். ‘பெற்றோரிடம் படம் இல்லையாம்’ என்பதோடு நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. முன்பு எடுத்த சென்டருக்கு ஒரு போன் போட்டால் பல நேரம் சிடி தட்டு வந்துவிடும்.

கான்ட்ராஸ்ட் கொடுக்காமலே ஸ்டர்ஜ்–வெபரை விலக்குவது

ஸ்டர்ஜ்–வெபர் என்பது முகத்தில் செம்மச்சமும் மூளையின் மென்சவ்வில் ரத்தக்குழாய்க் கோளாறும் சேர்ந்து வரும் பிறவி நோய். முகத்தில் செம்மச்சம் இல்லை என்பது போதாது. மச்சமே இல்லாத வகையும் உண்டு. கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைக் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கொடுத்து, டி1-உடன் ஃபிளேரையும் எடுங்கள். மூளையைப் போர்த்திய மென்சவ்வு ஒளிரும், அந்தப் பக்கத்து கோராய்டு பின்னல் (வென்ட்ரிக்கிளுக்குள் மூளைநீரைச் சுரக்கும் திசு) பருத்திருக்கும். தண்டவாளம் போன்ற சுண்ணாம்புப் படிவு சிடியிலும், சுண்ணாம்பையும் ரத்தத்தையும் காட்டும் எஸ்டபிள்யூஐ என்ற எம்ஆர்ஐ வகையிலும் தெரியும், சாதாரண டி1, டி2-இல் தப்பிவிடும். பச்சிளங்குழந்தையின் முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் கதவை மூடாதீர்கள்.

நீண்ட வலிப்புக்கு மறுநாள் எடுத்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

அன்று அந்தப் பாதி வீங்கியிருக்கலாம். சுருக்கம் வந்தால் பிறகுதான் வரும்.

எலும்பு விண்டோவைத் திறக்காமல் விடுவது

சிடி இருந்தால், எலும்பைத் தெளிவாகக் காட்டும் அந்த அமைப்பைத் திறந்து பாருங்கள்.

சிறுமூளையை மறப்பது

எதிர்ப்பக்கச் சிறுமூளையும் அதே பக்க நடுமூளைக் காம்பும் சுருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரு வரி.

‘நல்ல’ பக்கத்தைப் பற்றி எழுதாமல் விடுவது

அறுவைக்குப் பிறகு குழந்தை அந்தப் பக்கத்தை நம்பித்தான் வாழப்போகிறது. அங்கே நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறதா, புறணியில் பழைய தழும்பு உண்டா என்று தனிப் பத்தியாக எழுதுங்கள். எதுவும் இல்லையென்றால், தேடிப் பார்த்தும் இல்லை என்பதை எழுதுங்கள்.