பதின்பருவக் காதல் நாவலில் பாலியல் கல்வி: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். அண்மைக்காலமாக அவற்றில் பள்ளி வயதுக் காதல் கதைகள் நிறைய. வகுப்பில் ஆசிரியர் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போன பாடத்தை, வீட்டில் வாயே திறக்காத விஷயத்தை, கதை வழியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அந்த எண்ணத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. தன் உடம்பைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாததை ஒரு பதினாறு வயதுப் பெண் நாவலில் தேடுகிறாள் என்றால், அந்த நாவல் அவளிடம் பொய் சொல்லக் கூடாது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அவளிடம் சொல்லப்படும் பொய்கள்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாலியல் கல்வி என்றால் படுக்கையறைக் காட்சி வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். பாத்திரங்களுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அவர்கள் உடம்பை வர்ணிப்பது கல்வியும் இல்லை, இலக்கியமும் இல்லை. கதைக்குத் தேவையானது முன்னால் வரும் தயக்கம், பேச்சு. பின்னால் வரும் பயம், எடுக்க வேண்டிய முடிவு. இவற்றை எழுதவே முந்நூறு பக்கம் போதாது.

இன்னொரு பக்கம் டாக்டரம்மா பிரசங்கம். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பள்ளிக்கு ஒரு டாக்டர் வருவார், எட்டுப் பக்கத்துக்குப் பேசுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். வாசிக்கிற பிள்ளை அந்த எட்டுப் பக்கத்தையும் தள்ளிவிட்டுப் போய்விடும். தகவல் என்பது பாத்திரத்துக்கு அந்த நிமிடத்தில் தேவைப்பட வேண்டும். இப்படி வைத்துக்கொள்வோம்: சின்னப்பாலம் பக்கம் ஒரு பெண், பதினோராம் வகுப்பு. லீவு நாட்களில் அம்மாவோடு கடலில் பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குகிறவள். அவள் இரண்டு நாளாக வரவில்லை. அவளைப் பிடித்திருக்கும் பையன் கேட்கிறான்:

"காய்ச்சலா?"

"இல்ல. மாசாமாசம் வர்றது."

"அதுக்கு ஏன் வரல? தீட்டுன்னா?"

"தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயிறு வலிக்குது. அப்புறம், துணி நனைஞ்சா மாத்துறதுக்கு அங்க எங்க எடம் இருக்கு?"

அவ்வளவுதான். மாதவிடாயில் அசுத்தம் எதுவும் இல்லை, வலி நிஜம், கரையில் பெண்களுக்கு மறைவிடம் கிடையாது என்று எல்லாம் வந்துவிட்டது. பையனுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் வந்துவிட்டது. மறுநாள் அவன் வீட்டில் அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தவிக்கிறான் என்றால், அதுதான் காதல் அத்தியாயம்.

பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாவல்களில் உடம்பு என்றாலே பெண் உடம்பாகத்தான் இருக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது வளரும் வயதில் இயல்பு. அதனால் பலம் குறையாது, கண் குழி விழாது. இதைச் சொல்ல ஆளில்லாததால்தான், 'இளமையில் செய்த தவறா?' என்று கேட்டு லாட்ஜில் ரூம் போட்டுக் காத்திருக்கும் போலி வைத்தியர்களிடம் பையன்கள் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அப்படி ஒரு சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் பயந்து நிற்கும் பையன் இதுவரை எந்தக் கைப்பிரதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு, பெண்ணைத் தண்டிப்பது. ஒரு தடவை நெருங்கினாள், கர்ப்பம் ஆனாள், கடலில் விழுந்தாள். கடலோரக் கதை என்றால் கடைசி அத்தியாயத்தில் பெண்ணைத் தண்ணீருக்குள் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இதைப் படிக்கும் பெண்ணுக்கு நிஜமாகவே நாள் தள்ளிப்போயிருந்தால், நீங்கள் அவளுக்குக் காட்டிய வழி என்ன? பயமுறுத்தினால் பிள்ளைகள் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறீர்கள். பயந்த பிள்ளை சொல்லாமல் மறைக்கும், மறைப்பதில்தான் ஆபத்து.

பெண் 'வேண்டாம்' என்ற பிறகும் டியூஷன் வாசலில் நிற்பவனைக் கதாநாயகனாக்குவதும் இதே ரகம். சம்மதம் என்றால் என்ன என்று சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடையாது. 'வேண்டாம்' என்றால் அவன் போய்விட வேண்டும். போன பிறகும் அவன் நல்லவனாகவே இருக்கலாம்.

சம்மதத்தோடு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகள். பெண்ணுக்கு 17, பையனுக்கு 19, இருவருக்கும் விருப்பம் என்றாலும் சட்டத்தின் முன் அந்த விருப்பம் செல்லாது. வழக்கு பையன் மேல் வரும். விஷயம் தெரிய வந்தவர்கள், டாக்டர் உட்பட, புகார் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே 'போலீஸுக்குப் போகவே போகாது' என்று வாக்குக் கொடுக்கும் டாக்டர் பாத்திரம் தப்பு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், புகாரில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அதுவும் உங்கள் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குக் கருக்கலைப்பு செய்யப் பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அப்படியென்றால் கதையில் அம்மாவிடம் சொல்லும் காட்சி ஒன்று வந்தே தீரும். அதைத் தவிர்க்காமல் எழுதுங்கள். பலர் அங்கேதான் அத்தியாயத்தை வெட்டிவிடுகிறார்கள்.

மருத்துவத் தகவல்களில் வரும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. முதல் தடவையில் கர்ப்பம் ஆகாது என்பது பொய். ரத்தம் வராவிட்டால் கன்னி இல்லை என்பதும் பொய். நாள் கணக்குப் பார்த்துத் தப்பிக்கலாம் என்பது இந்த வயதில் நம்பவே முடியாதது. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் பலருக்கு மாதவிடாய் சீராக வராது, விந்தணுவும் பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அவசர கருத்தடை மாத்திரை கருக்கலைப்பு மாத்திரை கிடையாது: கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏற்கெனவே தரித்த கருவை ஒன்றும் செய்யாது. நோய்த்தொற்றையும் அது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். தகவல் பழசாகும் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975-இல் வெளியிட்ட 'ஃபாரெவர்' நாவல் கருத்தடையைத்தான் பெரிதாகப் பேசியது. எய்ட்ஸ் வந்த பிறகு, நோய்த்தடுப்பும் பொறுப்பில் சேர்ந்தது என்று பின்னால் வந்த பதிப்புகளில் அவரே குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

சரி, ஊருக்கு வருவோம். பல கதைகளில் ராமநாதபுரம் கடற்கரை வெறும் படுதா. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி மணலும் வரும், ஊர் வராது. இந்த ஊர்களில் ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கேள்வி கேட்க எங்கே இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மெடிக்கல் கடைக்காரர் அப்பாவின் கூட்டாளி. கிராம சுகாதாரச் செவிலியர் பக்கத்துத் தெரு அத்தை. ஆணுறை வாங்கப் போன பையன் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவான். பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாலும் உச்சிப்புளியில் தெரிந்தவர் ஒருவர் ஏறி, "எங்கப்பா இந்தப் பக்கம்?" என்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பா அந்த நாட்களில் வீட்டில் இருப்பார். கதையில் பிள்ளைகள் மே மாதத்தில் வீட்டில் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் உள்ளூர் வாசகர் அடுத்த வரியை நம்பமாட்டார். இந்த நெருக்கடியை எழுதினாலே பாதி நாவல் தானாக வந்துவிடும்.

அப்புறம், கீழக்கரை வீடு என்றால் கண்டிப்பான வாப்பா, தங்கச்சிமடம் என்றால் திட்டுகிற பாதிரியார் என்று ஒரு சமூகத்தையே வில்லனாக்காதீர்கள். பேசத் தெரியாத பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டு ஊரையே கூட்டுகிற வீட்டில், எதற்காக இந்த விழா என்று பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது.

பிள்ளைகளுக்குப் போக இடமே இல்லை என்று முடிப்பதும் உண்மை இல்லை. 10 முதல் 19 வயதினருக்கான மத்திய அரசின் வளரிளம் பருவ நலத் திட்டம் 2014-இல் தொடங்கியது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் அந்த வயதினருக்கென்று ஆலோசனை மையங்கள் நடத்தப்படுகின்றன. ஒரு பாத்திரம் அந்தக் கதவைத் தட்டட்டும். அச்சுக்குப் போகுமுன் ஒரு செவிலியரிடமும், பதினேழு வயது வாசகர்கள் சிலரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.